திருச்சியில்தான் இருக்கிறேன்

மே 3, கும்பகோணம்

பெட்டியில் மேலே நான்கு நூல் புடவைகள். அடியில் சுடிதார்கள், தொப்பி, வெயிலுக்குப் பூசும் களிம்பு. சிவப்பு மைப் பேனாக்களை மட்டும் கைப்பையின் வெளியறையில், பார்ப்பவர் கண்ணில் படும்படி செருகினேன். என் கணவரைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அவருடைய அக்கா மங்கை அண்ணி பார்த்துவிட்டு, "இத்தன பேனாவா? எத்தன பிள்ளைங்கள ஃபெயிலாக்கப் போற?" என்றார். சிரித்தேன்.

விடைத்தாள் திருத்தும் வேல்யுவேஷன் கேம்ப் என்று சொல்லியிருக்கிறேன். திருச்சியில் பத்து நாள், தங்குவது மாணவியர் விடுதியில், திருத்தும் அறைக்குள் செல்போன் கூடாது. ஒவ்வொரு மே மாதமும் நடப்பதுதான், கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து போய்க்கொண்டிருப்பதுதான். இந்த வருடம் அவர் உடல்நிலையைச் சொல்லி விலக்குக் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். அன்று மதியம் தாவரவியல் துறையில் யாரும் இல்லை. கூட வேலை பார்க்கும் ரெஜினா மேடம் வியட்நாம் போய்வந்த படங்களை அனுப்பியிருந்தார். கிடைக்காது என்ற நினைப்பில்தான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. அதன்பின் விலக்குக் கிடைத்ததை வீட்டில் சொல்லவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு நான், எனக்கு அவரும் அவருடைய டூர் பஸ்ஸும். சம்பந்தம் என்று அவர் பெயரைச் சொன்னால் கும்பகோணத்தில் நவக்கிரக டூர் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் மைக்கைப் பிடித்தால் ஒன்பது கோயிலும் முடிந்து பஸ் திரும்பும்வரை பேச்சு நிற்காது. 'அப்புறம் பாத்தீங்கன்னா' என்று ஆரம்பித்துத்தான் ஒவ்வொரு தலபுராணத்துக்கும் போவார். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலது கை போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது அந்த 'அப்புறம்' மட்டும்.

எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் ஒன்றுபோல் இருக்காது. முகவாயை இறக்கிச் சின்னதாகச் சொன்னால் தண்ணீர். இழுத்தால் பாத்ரூம். இரண்டு தடவை என்றால் ஃபேனைக் குறைக்க வேண்டும். மூக்கால் சொன்னால் டிவியில் வருகிற ஆள் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். இவற்றை அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "என்னம்மா இது, குருவி பாஷ மாதிரி இருக்கு. எனக்கெல்லாம் மண்டைல ஏறாது."

ஏறாது என்று எனக்கும் தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கும் அவரைப் புரியாது. தெரிந்துதான் போகிறேன்.

மே 4, திருச்சி விமான நிலையம்

திருச்சிக்குப் போகிறேன் என்று சொன்னேன். வந்துவிட்டேன். இதுவரை பொய் இல்லை.

வரிசையில் நிற்கும்போது அண்ணி அழைத்தார். "என்னமோ கேக்குறான், எனக்கு ஒண்ணும் விளங்கல." போனை அவர் பக்கம் வைக்கச் சொன்னேன். "அப்புறம்." ஜன்னல், அண்ணி, வெயில் முகத்தில் அடிக்கிறது என்றேன். திரையை இழுக்கும் சத்தம் கேட்டது. "எப்படித்தான் கண்டுபிடிக்கிறியோ," என்றார் அண்ணி. எனக்குப் பின்னால் நின்றவர் வரிசை நகர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

மே 5, சைகோன்

இந்த ஊருக்கு இப்போது பெயர் ஹோசிமின் நகரம். இங்கே இருப்பவர்கள் சைகோன் என்றே சொல்கிறார்கள்.

சாலையைக் கடப்பதற்குக் காலை முழுவதும் போயிற்று என்று எழுதினால் மிகை. ஆனால் அப்படித்தான் இருந்தது. ஸ்கூட்டர்கள் ஆறுபோல வருகின்றன. நிற்கமாட்டார்கள், இடிக்கவும் மாட்டார்கள். நாம் ஒரே வேகத்தில் நடந்தால் நம்மைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். தயங்கினால்தான் ஆபத்து. கடைசியில் கண்ணை எதிர்ப்பக்கத்து மரத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். வேங்கை இனம். நம்முடையதைவிடப் பருத்த அடிமரம்.

இங்கே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோபுரம், பொம்மைகள், எல்லாம் நம் ஊர் போல. இந்த ஊர்ப் பெண்கள் ஊதுவத்தியும் பூவுமாக உள்ளே போய் வருகிறார்கள். நான் எதிர்ச் சாரியிலேயே நின்றுவிட்டேன். திருச்சியில் இருக்கிறவள் சைகோன் அம்மனிடம் என்ன வேண்டிக்கொள்வது?

மாலை போன் செய்தேன். அவரிடம் கொடுத்தார் அண்ணி.

"சாப்பிட்டீங்களா?"

"அப்புறம்."

"நான் நல்லபடியா வந்து சேந்துட்டேன். ஹாஸ்டல்ல ரூம் குடுத்துட்டாங்க."

"அப்புறம்?"

இது கேள்வி. மேலே சொல் என்பது. முன்பும் போனில் அப்படித்தான் கேட்பார். யாரையும் சீக்கிரம் வைக்கவிடமாட்டார். நான் தலைமைத் தேர்வாளர் ஒருவரைப் புதிதாக உண்டாக்கினேன். கடுகடுப்பானவர், விழுப்புரத்துக்காரர். அந்த நேரம் பார்த்துக் கீழே ரொட்டி விற்கிறவன் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த கூவலைப் போட்டுக்கொண்டு போனான்.

"அப்புறம்?" குரல் மாறியது.

"அதுவா, ரூம்ல கூட இருக்கிற மேடம் கொரியன் சீரியல் பாக்குறாங்க."

அவர் மூக்கால் ஒரு 'அப்புறம்' சொன்னார். டிவியில் வருகிற ஆளுக்குச் சொல்வாரே, அது.

மே 6

மதியம் தூங்கினேன். எழுந்தபோது எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை, யார் கூப்பிட்டது என்றும் தெரியவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

மே 7, ஹோய் ஆன்

மஞ்சள் சுவர், ஓட்டுக் கூரை, வாசலுக்கு வாசல் காகித விளக்கு. அந்தத் தெருவிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி ஹான் என்ற பெண்மணியின் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். என் வயதுதான் இருக்கும். ஆங்கிலம் தெரியாது. போனில் அவர் பாஷையில் பேசினால் அது ஆங்கிலத்தில் சொல்லும். நான் ஆங்கிலத்தில் பேசினால் அது அவருக்குச் சொல்லும். நடுவில் அது என்ன சொல்லிவைக்கிறதோ.

இங்கே சைவச் சாப்பாட்டுக்கு 'சாய்' என்று பெயர். புறப்படுமுன் மனப்பாடம் செய்துகொண்ட ஒரே சொல். மதியம் சந்தைப் பக்கம் ஒரு கடையில் நுழைந்து, "சாய்?" என்று கேட்டேன். கடைக்காரப் பெண் சட்டென்று அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு முறை கேட்டேன். எழுந்துபோய் கேஸ் குழாயை அழுத்திப் பார்த்தாள். மூன்றாவது முறை கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பசியோடு வெளியே வந்துவிட்டேன்.

ஹானிடம் போனில் விசாரித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் போன் எதையும் மொழிபெயர்க்க முடியாமல் திணறியது. தட்டையாகச் சொன்னால் சைவமாம். கேள்வி மாதிரி மேலே ஏற்றினால் 'எரிகிறது'. அமுக்கிச் சொன்னால் 'ஓடு'. தமிழில் எதையும் கேட்கும்போது ஏற்றித்தானே கேட்போம். சாப்பாட்டுக் கடையில் நின்றுகொண்டு நெருப்பு நெருப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் வேறொரு கடையில் நாக்கை அடக்கித் தட்டையாகச் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஒரு கிண்ணம் நூடுல்ஸும் டோஃபுவும் கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு வெகு காலமாகிறது.

இரவுச் சாப்பாட்டின்போது ஹான் போனை என் முன்னால் நீட்டினார். 'உன் கணவர் எங்கே?' என்றது. 'வேலையில் இருக்கிறார், நிறையப் பேசும் வேலை,' என்று அதற்குச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இவரிடம் பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

மே 8

காலையில் அண்ணி அழைத்தார். குரல் கொஞ்சம் படபடப்பாக இருந்தது.

"நேத்து சாம்பார்ல உப்பு போட மறந்துட்டேன் செண்பகம். வாயில வச்சிட்டுத் தட்டத் தள்ளிட்டான். அப்புறம் அப்புறம்ங்கிறான். எனக்கு என்ன தெரியும்? ஃபேனா, பாத்ரூமா, வெயிலடிக்குதான்னு ஒண்ணொண்ணா கேட்டுட்டு நின்னேன். மூஞ்சி செவந்துபோச்சு. கடைசில உப்புன்னான்."

"என்ன சொன்னார்?"

"உப்பு. அப்பட்டமா உப்பு."

"இருமியிருப்பார் அண்ணி."

"எனக்கு இருமலுக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதா?"

நல்ல செய்தி. சந்தோஷம்தான்.

சைக்கிள் எடுத்துக்கொண்டு வயல் வழியே கடற்கரைக்குப் போனேன். நாற்று பச்சையாக இருந்தது. மூங்கிலில் பின்னிய வட்டக் கூடைப் படகுகளில் சுற்றுலாப் பயணிகளை உட்காரவைத்துச் சுழற்றுகிறார்கள், அவர்கள் கத்துகிறார்கள். மாலை ஆற்றில் விளக்கு விட்டார்கள். நானும் ஒன்று வாங்கி விட்டேன். எல்லோரும் எதையாவது நினைத்துக்கொண்டு விடுவார்களாம். எனக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான். என் சமையலில் ஒருநாளும் உப்புத் தப்பியதில்லை.

மே 9

மி சன் என்ற இடம். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் செங்கல் கோயில்கள். சம்பா அரசர்கள் சிவனுக்குக் கட்டியவை. பாதி காலத்தில் விழுந்தது, பாதி போரில் குண்டு விழுந்து போனது. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் முளைத்திருக்கிறது. தலை இல்லாத நந்தி. தலை இல்லாத ஒருவர், யார் என்று தெரியவில்லை. செங்கல் இடுக்குகளில் பெரணி வளர்ந்திருக்கிறது. அதன் பெயர் மட்டும் எனக்குத் தெரியும்.

ஒரு கருவறைக்குக் கூரை இல்லை. லிங்கம் வெட்டவெளியில் நின்றது. ஒரு கூட்டத்தை அழைத்து வந்த வழிகாட்டி ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவ்வளவுதான், போய்விட்டார்கள். இவர் இருந்திருந்தால் அவர்களை விட்டிருக்கமாட்டார். கோமுகி ஏன் வடக்கே பார்க்கிறது என்று ஆரம்பித்திருப்பார். நான் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன். உச்சி வெயில், திசை தெரியவில்லை.

அங்கிருந்தே போன் செய்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணி அவரிடம் கொடுத்துவிட்டுக் கொல்லையில் துணி எடுக்கப் போனார்.

"இன்னைக்குப் பேப்பர் கட்டு சீக்கிரம் முடிஞ்சிடுச்சுங்க," என்றேன்.

"அப்புறம்?"

"சாப்பாடு பரவால்ல. இட்லிதான் கல்லு மாதிரி."

"அப்புறம்?"

"அந்த விழுப்புரத்துக்காரர் இன்னைக்கு யாரையும் திட்டல."

"அப்புறம்?"

தீர்ந்துவிட்டது. ஒரு ஹாஸ்டலைப் பற்றியும் ஒரு தேர்வாளரைப் பற்றியும் ஒரு மனுஷி எவ்வளவுதான் சொல்லமுடியும்.

"நான் திருச்சியில இல்லங்க. வியட்நாம்ல இருக்கேன். தனியாத்தான் வந்தேன், சுத்திப் பாக்க. இங்க ஒரு சிவன் கோயில், பூராவும் செங்கல்லு. கூரை இல்ல, பூசை இல்ல. லிங்கம் வெயில்ல நிக்குது. நீங்க பாத்திருந்தா இந்த ஜனங்கள எடத்த விட்டு நகரவிட்டிருக்க மாட்டீங்க."

அவர் மூச்சு கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. இது மலைப்பகுதி, சிக்னல் சரியில்லை. ஆனால் சிவப்புப் பொத்தானை இடது கையால் அழுத்த அவருக்குத் தெரியும். நான்தான் பழக்கினேன்.

மே 10

இப்போதுதான் உறைக்கிறது. நான் யாரிடம் சொன்னேன் என்பது.

அண்ணியிடம் சொல்லவில்லை. ரெஜினாவிடம்கூட எல்லாம் சொல்லவில்லை. யாரிடமும் திருப்பிச் சொல்லமுடியாத ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். சொல்லி, மனம் லேசாகி, மதியம் கடைக்குப் போய் மாம்பழம் வாங்கித் தின்றிருக்கிறேன்.

அண்ணி அழைத்தார்.

"என்னமோ புதுசா கேக்குறான். வி, விங்கிறான்."

"வியா?"

"ஆமா. விசிறியான்னேன், கரண்ட் இருக்கும்போது விசிறி எதுக்குன்னு நானே நெனச்சேன். இல்லங்கிறான். விக்கலா? விக்கல காணோம். அப்புறம் எனக்குப் பட்டுச்சு, விபூதி. நான் வந்ததுலேருந்து பூசிவிடவே இல்லியே. சாமிகிட்ட இருந்து எடுத்து நெத்தி, கழுத்து, கையெல்லாம் பட்டை பட்டையா பூசினேன். பிள்ளைக்கு அவ்ளோ கோவம். தட்டிவிட்டான், தரையெல்லாம் விபூதி. ஏன்டி, நீ இருந்தா இன்னேரம் சொல்லியிருப்ப. என்னடி அது, வி?"

எனக்குத் தெரியும். அண்ணி அந்த எழுத்தைச் சொன்னதுமே தெரிந்துவிட்டது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறார். அல்லது என்னைப் பற்றிச் சொல்லப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

"தெரியல அண்ணி," என்றேன்.

ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, அவர் சொல்வது புரியவில்லை என்று சொன்னேன்.

மே 11, ஹூவே

ரயிலில் வந்தேன். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் நேர் கீழே கடல். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வேகவைத்த சோளம் கொடுத்தார்கள். ஊர் முழுக்கக் குல்மொகர் பூத்திருக்கிறது. அரண்மனை அகழி ஓரம் இலையே தெரியவில்லை, சிவப்புதான். நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டும் திருச்சிக்குப் போய்விடும்.

அண்ணி இன்று இரண்டு முறை அழைத்தார். முதல் முறை: 'வி' இப்போது 'வியா' ஆகியிருக்கிறது. உதட்டைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டு சொல்கிறாராம், எச்சில் வழிகிறதாம், விடமாட்டேன் என்கிறாராம். "வியாழக்கிழமைன்னு எனக்கு வெளங்கிடுச்சு. குருபகவான். ஆலங்குடிக்குப் போகணும்ங்கிறான். பின்ன என்ன, அவன் போகாத கோயிலா? அடிச்சுச் சொல்றேன் பாரு."

அப்போதும் நான் சொல்லவில்லை.

இரண்டாம் முறை ஆலங்குடியிலிருந்தே அழைத்தார். பின்னால் மணி அடித்தது. ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஆட்டோல வரும்போது பூரா இல்ல இல்லன்னு தலைய ஆட்டிக்கிட்டே வந்தான். கோயில் வாசல்ல எறக்கினேன் பாரு. பூக்கடைக்காரரு ஓடியாந்து, என்ன சம்பந்தம், பஸ்ஸக் கொண்டாராம வந்திருக்கீங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. அந்தப் பக்கம் எந்த ஊரு ஜனமோ செருப்போட உள்ள போகப் பாத்துச்சு. இவன் திரும்பி, செருப்ப இங்கயே விடுங்கன்னான்."

"யாரு சொன்னது?"

"நம்ம சம்பந்தம்தான்டி. பட்டுனு, பழைய மாதிரி. சொல்லிட்டு அவனே பயந்துட்டான். நான் அழுதுட்டேன். பூக்கடைக்காரரும் அழுதாரு. செண்பகம், லைன்ல இருக்கியா?"

இருந்தேன். அகழி ஓரம் ஒரு சிமென்ட் பெஞ்சில்.

ஒன்றரை வருடத்தில் ஒரு கோயிலுக்கும் நான் அவரை அழைத்துப் போகவில்லை. மைக்கோடு நின்ற வாசலில் வாயில்லாமல் நின்றால் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் என்று நினைத்தேன். தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், "அவர் கேக்கறதுக்குள்ள நீங்க எடுத்துக் குடுத்துடறீங்கம்மா," என்றாள். சின்னப் பெண். ஒரு மனுஷனைத் தாகத்தோடு வைத்துப் பாடம் நடத்து என்கிறாளே என்று வழியெல்லாம் எரிச்சலோடு வந்தேன். அதன்பின் தஞ்சாவூருக்குப் போகவில்லை. பஸ்ஸில் அவருக்கு ஆகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

அவரை எனக்கு மட்டும்தான் புரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அண்ணிக்கு அவர் புரியவில்லை. அவருக்கு உப்பு வந்தது. நான் புரியாததுபோல் ஒளிந்துகொண்டேன். அவருக்கு 'வியா' வந்தது.

மே 12

படகில் ஆற்றின் மேல்பக்கம் பகோடா என்கிற புத்தர் கோயில் ஒன்றுக்குப் போய்வந்தேன். திரும்பியதும் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, அது வியாழக்கிழமை இல்ல. வியட்நாம்."

"என்ன நாம்?"

சொன்னேன். எல்லாவற்றையும். நடுவில் ஒருமுறைகூட அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் ஒரு மாதிரி மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"அடிப்பாவி. புள்ள வியட்நாம் வியட்நாம்னு கதறியிருக்கான், நான் விபூதிய அப்பியிருக்கேன்." சிரிக்கிறார். "ஆலங்குடிக்கு வேற இழுத்துட்டுப் போயிருக்கேன். குருபகவானே, என்னப் பத்தி என்ன நெனச்சியோ."

"கோவம் இல்லயா அண்ணி?"

"இல்லாம? வா, வந்ததும் வச்சுக்கிறேன். ஊருக்குப் போறேன்னா போறேன்னு சொல்லேன்டி, நான் என்ன கட்டியா போடப் போறேன்? பொய் சொன்ன பாரு, அதுக்கு நீ என்கிட்ட வாங்கிக் கட்டிக்கத்தான் போற." குரலைத் தாழ்த்தினார். "அவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. முழுசா அவன் வாயாலயே சொல்லட்டும், அதக் கெடுப்பானேன். நீயும் வந்து உக்காந்துக்கிட்டு டக்கு டக்குனு எடுத்துக் குடுக்காத. புரியாத மாதிரி இரு. நடி. அதுதான் நல்லா வருதே உனக்கு."

டிக்கெட்டை முன்னால் மாற்றமுடியுமா என்று பார்த்தேன். முடியும் என்றார்கள். மாற்றவில்லை. இன்னும் ஒரு நாள் ஹூவேயில் இருக்கிறது, அரசர்களின் சமாதிகளைப் பார்க்கவில்லை. இதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமலே காலைக்கு ஸ்கூட்டர்காரருக்குச் சொல்லிவைத்தேன்.

மே 13

சமாதிகள். தாமரைக் குளம், பைன் மரங்கள். அண்ணி அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

மே 15, கும்பகோணம்

அண்ணி வாசலிலேயே நின்றார். "வேல்யுவேஷன்ல இவ்ளோ கறுத்துப் போவாங்களா?" என்று உரக்கக் கேட்டு, இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினார். வலித்தது.

அவர் கூடத்து நாற்காலியில் இருந்தார். முகச்சவரம் செய்துவிட்டிருந்தார் அண்ணி, நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்தார். அவர் பார்த்தது என் முகத்தையா, காலில் செருப்பு வார் மறைத்த இடம் மட்டும் கறுக்காமல் விட்டிருந்த கோடுகளையா தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட பொய் சொல்லிட்டுப் போனேன்," என்றேன். "அதுக்கு மன்னிப்புக் கேக்கணும்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் படங்களைக் காட்டவில்லை. பெட்டியைத் திறந்து, போட்டுக்கொள்ளாத புடவைகளை எடுத்து, மடிப்புக் கலையாமல் அப்படியே பீரோவில் வைத்தேன்.

மதியம் சாப்பாடு முடிந்து, அண்ணி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவர் முகவாயை இறக்கினார்.

"அப்புறம்."

தண்ணீர். செம்பு எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கை பாதி நீண்டேவிட்டது. அதை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"என்ன வேணுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். திரும்பவும், இன்னும் தெளிவாக, "அப்புறம்" என்றார். செம்பைப் பார்த்தார்.

"புரியலைங்க. சொல்லுங்க."

முதலில் அவருக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. இருபது வருடம் என்னோடு இருந்தவர், நான் பொய் சொல்லும்போது என் கழுத்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். உதட்டைக் குவித்தார். இடது கை எழுந்து வாயோரத்தைப் பிடித்தது. அண்ணி சொன்னதுபோல எச்சில் கோடாக இறங்கியது. நான் துடைக்கவில்லை. செம்பில் தண்ணீர் இருக்கிறது, கை இருக்கிறது, அவருக்குத் தாகம் எடுக்கிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன். வியட்நாமில் இருந்த நாளெல்லாம் பட்டது இதற்குப் பக்கத்தில் வராது.

"போ," என்றார்.

சுத்தமாக, ஒரே எழுத்தாக. கை இறங்கி நாற்காலியின் பிடியில் கிடந்தது. கண் என் மேலேயே இருந்தது. அதில் கோபமா, வேறெதுவுமா என்று தேடிப் பார்த்தேன். எழுந்து போ என்கிறாரா. போய்க் கொண்டுவா என்கிறாரா. உனக்கு எங்கே வேண்டுமோ அங்கே போ என்கிறாரா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"என்னடி சொன்னான்? போவா? எங்க போகச் சொல்றான்?"

"எனக்குப் புரியல அண்ணி," என்றேன்.

அண்ணி எனக்குப் பின்னால் வந்து நின்று, அப்படித்தான், விடாதே என்பதுபோல என் தோளை அழுத்தினார். நான் நடிக்கவில்லை.